நூல் பிடித்து வந்த ஒரு சொல்

சொல் விளக்கம்: வாசகர் கேள்வி – பதில்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஓர் ஆசிரியையும், ஒரு தையற்காரரும், ரப்பர் மரத்தில் பால்வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவரும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே 'லைன்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டிருப்பதைக் கண்டேன். அதே சொல்லைத் தொட்டு முன்பே வந்து காத்திருந்த சில கேள்விகளையும் அவற்றோடு சேர்த்து, இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்றதைச் சொல்லும் 'ஐ ஸ்டுட் இன் லைன்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னபோது, ஒரு மாணவன் 'நான் கோட்டில் நின்றேன்' என்று எழுதிவிட்டான். திருத்தப் போனால், "அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, டீச்சர்" என்கிறான். அவனுக்கு எப்படி விளக்குவது?
— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அந்த மாணவன் அகராதியைத் தேடிப் பார்த்திருக்கிறான் என்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது, அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அகராதியில் 'லைன்' என்பதற்கு நேராக முதலில் நிற்பது 'கோடு' என்ற சொல்தான், அவன் அதை நம்பி எடுத்துக்கொண்டான். ஆங்கிலம் ஒரு சொல்லால் சுட்டுகிற பல காட்சிகளுக்குத் தமிழ் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது என்பதை அவனுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோல் வைத்து இழுத்தால் அது கோடு. கடை வாசலில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றால் வரிசை. அடுப்படிச் சுவரில் எறும்புகள் போனால் அது சாரை, மழை வரப்போகிற நாளில் அவை சாரை சாரையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். தோட்டத்தில் மரங்கள் நிற்பது நிரை, படைவீரர்கள் நிற்பது அணி. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடக் கட்டியிருப்பது கொடி. உள்ளங்கையில் ஓடுவது ரேகை, முகத்தில் வயது போட்டுவிட்டுப் போவது சுருக்கம், பாட்டனுக்குத் தகப்பன், தகப்பனுக்குப் பிள்ளை என்று இறங்கி வருவது கொடிவழி. இத்தனையையும் ஆங்கிலம் பேசுகிறவர் 'லைன்' என்ற ஒன்றை வைத்தே சொல்லிவிட முடியும். அது அவர்கள் மொழியின் சிக்கனம்; நம் மொழியோ எது எதனால் ஆனது, எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. எறும்புக்கும் மனிதருக்கும் ஒரே சொல் போதும் என்று தமிழன் நினைக்கவில்லை.

ஆகவே, ஆங்கில வாக்கியத்தில் 'லைன்' வருகிற போதெல்லாம், "எது வரிசையாக இருக்கிறது? மனிதரா, மரமா, மையா, கயிறா?" என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளுமாறு மாணவர்களைப் பழக்குங்கள். முடிந்தால் ஒரு நாள் அவர்களைத் திடலுக்கு அழைத்துப் போய், கண்ணில் படுகிற 'லைன்'களை எல்லாம் தமிழில் பெயரிட்டு எழுதச் சொல்லுங்கள். கொடியில் தொங்கும் துணியையும் வேலி ஓரத்து எறும்பையும் பார்த்து எழுதிய பிள்ளை, பிறகு தேர்வுத் தாளில் கோட்டில் நிற்கமாட்டான்.

இன்னும் ஒன்றையும் அவனிடம் சொல்லலாம். வரிசையில் நிற்பதற்கு 'லைன்' என்பது பெரும்பாலும் அமெரிக்கர் வழக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்குக் 'கியூ' என்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் வால். வால் என்று பார்த்தவர்களும் நூல் என்று பார்த்தவர்களும் ஒரே மொழிக்குள் இருக்கிறார்கள். நூல் என்று ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பட்டணத்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணியை 'லைனிங்' என்கிறோம். அந்தத் துணியில் கோடும் இல்லை, வரிசையும் இல்லை. பின்னே அந்தப் பெயர் எப்படி வந்தது?
— ஒரு தையற்காரர், சுங்கை சிப்புட்

பதில்: அந்தச் சொல் பிறந்த இடத்தையே நீங்கள் தொட்டுவிட்டீர்கள்.

'லைன்' என்பதன் வேர் இலத்தீன் மொழியில் 'லீனும்' என்று வழங்கிய சொல். அதற்குப் பொருள் ஆளிச்செடி. இப்போது மருந்துக்கடைகளிலும் பேரங்காடிகளிலும் உடம்புக்கு நல்லதென்று விற்கிறார்களே, ஆளி விதை, அந்தச் செடிதான். அதன் தண்டிலிருந்து உரித்தெடுத்த நாரைத் திரித்தால் நூல், நெய்தால் துணி. அந்தத் துணியின் பெயர்தான் 'லினன்'. ஆளி நூலுக்கு இலத்தீனில் 'லீனியா' என்று பெயர், அதிலிருந்து வந்ததே 'லைன்'. விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய் 'லின்சீட்' எண்ணெய்; அந்த எண்ணெயைக் கொண்டு செய்து, பழைய துரைமார் பங்களாக்களின் தரையில் விரித்த பளபளப்பான விரிப்புக்கு 'லினோலியம்' என்று பெயர். எல்லாம் ஒரே செடியின் பிள்ளைகள்.

ஐரோப்பாவில் கம்பளித் துணியால் மேலங்கி தைத்தவர்கள், உடம்பில் உறுத்தாமல் இருப்பதற்காக உள்ளே மென்மையான லினன் துணியை வைத்துத் தைத்தார்கள். அப்படி உள்துணி வைப்பதற்கே 'லைன்' என்பது வினைச்சொல்லாகி, வைத்த துணி 'லைனிங்' ஆயிற்று. இன்று நீங்கள் பருத்தியை வைத்தாலும் பாலியெஸ்டரை வைத்தாலும் பெயர் மட்டும் ஆளிச்செடியை விடவில்லை. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவர்கள் 'பிரேக் லைனிங்' தேய்ந்துவிட்டது என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான், உள்ளே ஒட்டிய படலம் என்று அதற்குப் பொருள்.

ஆகவே, 'லைன்' என்றதும் கோடு முதலில் வரவில்லை, நூல்தான் முதலில் வந்தது. கொத்தனாரும் தச்சரும் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலை இழுத்துப் பிடித்தார்கள், நூல் கிடந்த தடம் கோடாயிற்று, அந்தத் தடத்தின்மேல் நிறுத்தியவை வரிசையாயின. தமிழிலும் இதே வழியில் எண்ணியிருக்கிறோம். 'நூல் பிடித்தாற்போல' என்று நாம் சொல்வது அந்தத் தச்சு நூலைத்தான். நம் மொழி இன்னும் ஓர் அடி மேலே போய், படிக்கிற ஏட்டுக்கும் 'நூல்' என்று பெயர் வைத்தது. பவணந்தி முனிவர் நன்னூலில், மரத்தின் கோணலைத் தீர்ப்பது தச்சர் நூல், மனத்தின் கோணலைத் தீர்ப்பது புலவர் நூல் என்று இரண்டையும் ஒப்பிட்டு, 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல்' என்று பாடியிருக்கிறார். உங்கள் கையில் ஊசியில் கோத்திருக்கும் பொருளுக்கு இவ்வளவு தூரம் போகும் வரலாறு இருக்கிறது, ஐயா.

கேள்வி: எனக்கு எழுபத்தேழு வயது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் கல்யாணம் முடித்து, லயத்திலேயே பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், மகன் வீட்டில் இருக்கிறேன். 'லயம்' என்பது ஆங்கிலச் சொல், வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று என் பேரன் சொல்கிறான். ஆலயம் என்பது போல லயம் என்பதும் நம்முடைய சொல் என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எது சரி? ஆங்கிலம்தான் என்றால், அந்தச் சொல்லை நாம் விட்டுவிட வேண்டுமா?
— ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: பெரியவரே, பேரன் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவன் சொன்னது பாதிதான்.

வடமொழி வழியாக வந்த 'ஆலயம்' என்ற சொல்லுக்கு இருப்பிடம் என்று பொருள். 'லயம்' என்று தனியே வருவது இசையில் கால அளவையும், ஒன்றுதல், ஒடுங்குதல் என்பவற்றையும் குறிக்கும். குதிரை கட்டும் இடம் 'லாயம்'. இவை மூன்றும் ஓசையில் நெருங்கி நிற்பதால் நீங்கள் அப்படி எண்ணியது இயல்பு. ஆனால் தோட்டத்து வீடுகளுக்கு அந்தப் பெயர் வந்தது 'லைன்' என்ற சொல்லிலிருந்துதான் என்பதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது, இலங்கை மலையகம். அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இதே வகை வீட்டை 'லயன்' என்றும், அதில் ஓர் அறையை 'லயன் காம்பரா' என்றும் சொல்கிறார்கள். நாம் மகரத்தில் முடிப்பதை அவர்கள் னகரத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, தமிழ் தன் வாயில் வந்த சொல்லை எப்படித் திருத்திக்கொள்கிறது என்பது. ஐகாரம் 'அய்' என்று ஒலிக்கும். ஐயா என்றும் அய்யா என்றும் எழுதுகிறோம். அப்படி 'லைன்' என்பது 'லயன்' ஆயிற்று. பிறகு, நிலன் என்பதும் நிலம் என்பதும், அறன் என்பதும் அறம் என்பதும் ஒன்றுக்கொன்று மாறி வருவதைக் கடைப்போலி என்று நம் இலக்கணம் சொல்கிறதே, அந்த வழியே 'லயன்' நம் நாட்டில் 'லயம்' ஆகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க வாய்ப்பில்லாத நம் பாட்டன்மார், இலக்கணம் காட்டிய வழியில்தான் அந்தச் சொல்லைக் கொண்டு வந்திருக்கிறார்கள். இதை உங்கள் பேரனிடம் சொல்லுங்கள்.

இனி, வெள்ளைக்காரர்கள் ஏன் அந்த வீடுகளை 'லைன்' என்றார்கள் என்பது. பலரும் அவை வரிசையாக இருப்பதால் என்று அத்தோடு முடித்துவிடுகிறார்கள். அது சரிதான், ஆனால் அந்தப் பழக்கம் தோட்டத்தில் தொடங்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடிசைகளும் நேர் வரிசைகளாக அமைக்கப்பட்டன; அந்த இருப்பிடங்களுக்கு 'லைன்ஸ்' என்று பெயர். காவலர் குடியிருப்பு 'போலீஸ் லைன்ஸ்' ஆயிற்று. டில்லியில் வெள்ளை அதிகாரிகள் குடியிருந்த பகுதிக்குச் 'சிவில் லைன்ஸ்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. நம் நாட்டிலேயே பினாங்கில் 'ஜாலான் சிப்பாய் லைன்ஸ்' என்று ஒரு சாலை உண்டு. படைமுகாமில் பழகிய அந்தப் பெயர்தான் காப்பி, கரும்பு, ரப்பர் என்று தோட்டங்கள் எழுந்தபோது தொழிலாளர் வீடுகளின்மேல் வந்து உட்கார்ந்தது. ஆளை எண்ணி வைத்துக்கொள்ளவும், விடியற்காலையில் ஒரே சத்தத்தில் எழுப்பி, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிறுத்தவும் வசதியான வீட்டு அமைப்பு அது. பெயரோடு அந்த நோக்கமும் சேர்ந்தே வந்தது என்று நான் கருதுகிறேன். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது, தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும் முறை 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அந்த ஆண்டுகள் வரை கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் முதல் இரவு தலை சாய்த்த கூரைக்குப் பெயர் அதுதான்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் குடிபுகுந்தவர்கள் நாம். நான் பிறந்த லயத்தில் பத்து வாசல். தகரக் கூரை, முன்னால் ஒரே நீளத் திண்ணை, வீட்டுக்கு வீடு நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. அதனால் முதல் வீட்டில் பிள்ளை இருமினால் நான்காம் வீட்டுப் பாட்டி, "ஓமம் இருக்கா, கொண்டு வரவா?" என்று கேட்பார். மழை பெய்தால் தகரத்தில் விழும் இரைச்சலில் யாரும் பேச முடியாது. மழை விட்டதும் பத்து வீட்டுப் பேச்சும் ஒரே நேரத்தில் தொடங்கும். மேல் லயம், கீழ் லயம், கோயில் லயம் என்று நாமே பெயர் சூட்டிக்கொண்டோம். இவற்றையெல்லாம் வெள்ளைக்காரர்களின் 'லைன்' சொல்லவில்லை, நம் 'லயம்' சொல்கிறது.

தோட்டத்தில் அதே சொல் இன்னொரு வேலைக்கும் பெயராக இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். புதுக்காட்டில் கன்று நடுவதற்கு முன் இடம் குறிக்கும் வேலையை 'லைனிங்' என்பார்கள். என் தகப்பனார் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவுக்கு அந்த வேலை செய்தவர். நீண்ட கயிற்றில் அளந்து அளந்து சிவப்புத் துணி முடிந்திருக்கும். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மேட்டின்மேல் ஏறுவார். கயிறு விண்ணென்று நின்றதும், துணி முடிந்த இடங்களில் எல்லாம் குச்சி ஊன்றுவார்கள். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணம் முக்கோணமாகக் கன்றுகள் வரும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிரை கலையாது. பள்ளி விடுமுறையில் அந்தக் குச்சிகளைச் சுமந்து போனவன் நான். ஆளி நூலை இழுத்துப் பிடித்த பழைய தச்சரின் வேலையை, அந்தச் சொல்லின் கதை எதுவும் தெரியாமலேயே என் தகப்பனார் செய்துகொண்டிருந்தார் என்பதை இந்தப் பதிலை எழுதும்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அந்தச் சொல்லை விட வேண்டியதில்லை. 'தொடர் வீடு' என்று சிலர் மாற்றி எழுதுகிறார்கள். தாமானில் இருக்கும் வீடுகளுக்கு அது பொருந்தும், லயத்துக்குப் பொருந்தாது. லயத்தை லயம் என்றே எழுதுவோம்.

கேள்வி: செம்பனை ஆலை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். தொழிலாளர்களுக்கான அறிவிப்பைத் தமிழில் எழுதும்போது 'டெட்லைன்' என்பதற்கு என்ன எழுதுவது? 'டெட்' என்றால் செத்தது என்பதுதானே? கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வருகிறது.
— ஓர் எழுத்தர், பேராக்

பதில்: அந்தச் சாவு வெறும் பேச்சு வழக்கு அன்று, உண்மையாகவே நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் என்ற ஊரில் போர்க்கைதிகளுக்கான சிறைமுகாம் ஒன்று திறக்கப்பட்டது. உயரமான மரச்சுவரிலிருந்து ஏறக்குறைய 19 அடி உள்ளே, தாழ்வான கட்டைவேலி ஒன்றைச் சுற்றிலும் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியை, கேள்வி கேட்காமல் காவற்கூண்டிலிருந்து சுட்டார்கள். அந்த வேலிக்கு வைத்த பெயர்தான் 'டெட்லைன்'. அந்த முகாமுக்குள் அடைக்கப்பட்ட ஏறக்குறைய 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் நோயாலும் பசியாலும் மாண்டுபோனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாளேட்டு அலுவலகங்கள், செய்தி அச்சுக்குப் போகவேண்டிய கடைசி நேரத்துக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. இடத்தின் எல்லையாக இருந்தது காலத்தின் எல்லையாகி, இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்குகிறது.

தமிழில் நமக்குக் 'கெடு' என்ற சொல் இருக்கிறது. கடன் கொடுத்தவர் கெடு வைப்பார், கெடு முடிந்தது என்போம், காலக்கெடு என்றும் எழுதுகிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை. 'தவணை' என்று சிலர் எழுதுகிறார்கள். நம் நாட்டில் அது பள்ளித் தவணையையும் கடன் தவணையையும் குறிப்பதால் குழப்பம் வரும். அறிவிப்புப் பலகையில் எழுதுவதானால், 'படிவங்களை இம்மாதம் 31ஆம் தேதிக்குள் ஒப்படைக்கவும்' என்று எழுதினால் போதும். 'உள்' என்ற இரண்டெழுத்தே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவி. 'ஹோல்ட் தி லைன்', 'டிராப் மீ அ லைன்', 'டோ தி லைன்', 'ரீட் பிட்வீன் தி லைன்ஸ்' என்ற நான்கிலும் வருவது ஒரே பொருளா? தமிழில் எப்படிச் சொல்வது?
— ஒரு மாணவி, கோலகங்சார்

பதில்: நான்கும் நான்கு வழியில் போகின்றன, மகளே.

தொலைபேசியில் 'ஹோல்ட் தி லைன்' என்றால் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள் என்பது, நாம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்வதுதான். போர்ச் செய்தியில் அதுவே வந்தால், படை தன் நிலையை விட்டுக்கொடுக்காமல் நின்றது என்று பொருள். அங்கே போய்த் தொலைபேசியைக் கொண்டு வந்துவிடக் கூடாது. 'டிராப் மீ அ லைன்' என்பதற்கு நம் பெரியவர்கள் கடிதத்தின் கடைசியில் எழுதிய 'நாலு வரி எழுதிப் போடு' என்பதே சரியான தமிழ்.

'டோ தி லைன்' என்பதில் வருவது கால்விரல். தரையில் போட்ட கோட்டில் கால்விரல் நுனியைச் சரியாக வைத்து நிற்பது அது. கட்டளைக்கு அடங்கி நடப்பது என்று பொருள் விரிந்தது. ஓசை ஒன்றாக இருப்பதால் ஆங்கிலேயர்களிலேயே பலர் இழுத்துச் செல்வது என்ற பொருளுடைய வேறொரு சொல்லை அங்கே எழுதிவிடுகிறார்கள், எழுத்துக்கூட்டலைப் பார்த்துக்கொள். தமிழில், 'அப்பா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்' என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம்.

நான்காவதுதான் எனக்கு வருத்தம் தருவது. 'வரிகளுக்கு இடையே வாசிப்பது' என்று அதை அப்படியே பெயர்த்து எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வரிகளுக்கு இடையே வெற்றுத்தாள்தான் இருக்கும். வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே ஒன்றை வைப்பதற்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் சங்கப் பாடல்களுக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. 'குறிப்பறிதல்' என்று எழுது; அல்லது 'சொல்லாமல் சொன்னதைப் புரிந்துகொண்டாள்' என்று எழுது.

கேள்வி: 'லைன் இல்லை' என்று கைப்பேசியில் பேசும்போது சொல்கிறோம். கம்பியே இல்லாத கருவிக்கு 'லைன்' என்பது பொருந்துமா? 'ஆன்லைன்' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல் நல்லது?
— ஒரு கூட்டுறவுக் கடைப் பணியாளர், சுங்கை சிப்புட்

பதில்: தொலைபேசிக்குக் கம்பி இருந்த காலத்தில் அந்தக் கம்பிதான் 'லைன்'. கம்பி போன பிறகும் பேச்சில் அது நின்றுவிட்டது. மலாய்க்காரர்களும் இதே வழியில் நடந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மலாயில் 'தாலி' என்றால் கயிறு. அதிலிருந்து வந்த 'தாலியான்' என்பது தொலைபேசி இணைப்பு. 'ஆன்லைன்' என்பதற்கு 'டாலாம் தாலியான்' என்கிறார்கள். ஆளி நூலில் தொடங்கிய ஆங்கிலச் சொல்லும் கயிற்றில் தொடங்கிய மலாய்ச் சொல்லும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

தமிழில் பேச்சுக்கு 'லைன் இல்லை' என்பது இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்தில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று எழுதலாம். 'ஆன்லைன்' என்பதற்கு 'நிகழ்நிலை' என்றும் 'இணையவழி' என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. என் தேர்வு 'இணையவழி'. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, தோட்டத்துப் பெற்றோர்கூட 'இணையவழி வகுப்பு' என்ற சொல்லைத் தடுமாற்றம் இல்லாமல் சொல்லப் பழகிவிட்டார்கள். பிள்ளைகள் வகுப்பில் சேர்வதற்காகத் தொடர்பு கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள்கள் அவை. அந்த மேட்டுக்கே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் 'லைன் மேடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அகராதிக்காரர்கள் கொடுக்காத ஒரு பொருளை அவர்கள் அந்தச் சொல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: 'லைன் கிளியர்' என்பது எங்கிருந்து வந்தது?
— ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியரின் மகன், ஈப்போ

பதில்: உங்கள் தகப்பனாரின் தொழிலிலிருந்துதான் வந்தது. ஒரு நிலையத்திலிருந்து வண்டியை அனுப்பும் முன், அடுத்த நிலையம் வரை தண்டவாளத்தில் வேறு வண்டி இல்லை என்பதை அங்கிருப்பவர் உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதிக்குப் பெயர் 'லைன் கிளியர்'. அது கிடைக்காமல் வண்டி நகராது. நம் நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. இருப்புப்பாதை போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் நிறைந்திருந்ததால், அந்தத் தொழிலின் சொற்கள் நம் பேச்சில் கலந்துவிட்டன. ஒரு காரியத்துக்குத் தடை நீங்கிவிட்டது என்பதற்கு 'லைன் கிளியர்' என்று சொல்வது தமிழகத்திலும் உண்டு. பினாங்கில் அந்தப் பெயரிலேயே புகழ்பெற்ற நாசி கண்டார் (சோறும் கறிவகைகளும்) கடை இருக்கிறது.

கேள்வி: கவிதையில் ஒரு 'லைன்' என்பதை 'வரி' என்று எழுதுவதா, 'அடி' என்று எழுதுவதா?
— கவிதை எழுதிப் பழகும் ஓர் இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, மரபுக் கவிதையானால் 'அடி' என்றே எழுதுங்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்பது யாப்பின் வரிசை; அடி என்பது சீர்களால் அளந்து வைக்கப்படுவது. தாளில் மடங்கிக் கீழே வந்துவிட்டால் மட்டும் அது அடியாகிவிடாது. திருக்குறள் முதல் அடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீரும் கொண்டது. இடம் போதாமல் ஒரு குறளை மூன்று வரியாக அச்சிட்ட நாள்காட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் அதற்கு அடி இரண்டுதான். புதுக்கவிதையில் சீர்க் கணக்கு இல்லாததால் அங்கே 'வரி' என்பது பொருந்தும். நீங்கள் அனுப்பிய வெண்பாவில் மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது, திருத்தி மறுபடியும் அனுப்புங்கள்.